அறுபத்துநாலு பக்க அழைப்பிதழ்

அழைப்பிதழில் எல்லாம் இருந்தது. கல்லூரி முதல்வரின் படம் இருந்தது, பதினேழு பெரிய மனிதர்களின் வாழ்த்துரை இருந்தது, கலையரங்கத்துக்கு வழி காட்டும் வரைபடம்கூட இருந்தது. மாநாடு என்றைக்கு என்பது மட்டும் இல்லை.

உஷ் சார் மூன்றாவது தடவையாக முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினார். எங்காவது ஒரு மூலையில் தேதி ஒளிந்துகொண்டிருக்கும் என்று ஒரு நப்பாசை. இல்லை. நூற்று எழுபது பிரதிகள், தைத்து, அட்டை ஒட்டி, ஓரம் வெட்டி, அச்சகத்து மேசைமேல் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

"தேதி எங்க?" என்றார்.

"சத்தமா கேளுங்க சார், மெஷின் ஓடுது" என்றார் அச்சகக்காரர்.

"தேதி, பதினாலாம் தேதி" என்று உஷ் சார் அவர் காதருகே போய்ச் சொன்னார்.

"நீங்கதானே வேண்டாம்னீங்க?" அச்சகக்காரர் உள்ளே போய் திருத்தப் படியை எடுத்துவந்து காட்டினார். "இதோ பாருங்க, உங்க கையெழுத்துதானே? பதினாலை எழுதி ரெண்டு பக்கமும் கட்டம் கட்டி வச்சிருக்கீங்க. கட்டத்துக்குள்ள போட்டா தூக்கிடுன்னுதானே அர்த்தம்?"

"ஐயோ, அது சதுர அடைப்புக்குறி! மூலத்துல இல்லாததை நாமளா சேர்த்தா அப்படித்தான் போடணும். உலகம் பூரா நூலக அட்டவணையில அதுதான் வழக்கம்."

"உலகம் பூரா இருக்கட்டும் சார். இந்தத் தெருவுல அதுக்குத் தூக்கிடுன்னுதான் அர்த்தம்."

மறுபடி அடித்துத் தர மூன்று வாரம் ஆகும் என்றார். காலண்டர் வேலை குவிந்து கிடக்கிறதாம். "தேதியா அடிச்சுத் தள்ளிக்கிட்டிருக்கேன் சார், உங்க ஒரு தேதிக்குத்தான் நேரமில்ல."

மாநாட்டுக்கு இருந்ததே மூன்று வாரம்.

உஷ் சார் ஒரு கல்லூரியின் நூலகர். உதட்டில் விரலை வைத்து 'உஷ்' என்று சொல்லிச் சொல்லியே இருபத்திரண்டு வருஷம் ஓட்டியவர். மாணவர்கள் வைத்த பெயர் ஆசிரியர்களைத் தொற்றி, முதல்வரைத் தொற்றி, கடைசியில் வீட்டுக்கே வந்து சேர்ந்துவிட்டது. அவர் சாதாரணமாகப் பேசுவதே ரகசியம் சொல்கிற மாதிரிதான் இருக்கும். காய்கறிக் கடையில் அரைக் கிலோ தக்காளி கேட்டால்கூடக் கடைக்காரர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத்தான் எடுத்துக் கொடுப்பார்.

இப்படிப்பட்ட மனிதருக்கு மாநாடு நடத்தும் ஆசையெல்லாம் கிடையாது. தலையில் கட்டிவிட்டார்கள். நூலகத்தின் மேல்மாடியில் வாசிப்பு அறை இருந்தது. நீள மேசைகள், பழைய இதழ்களின் கட்டுகள், நாளொன்றுக்கு நாலைந்து வாசகர்கள். அவர்களிலும் இரண்டு பேர் தூங்க வருகிறவர்கள். அந்த மாடியின் மேல் உடற்கல்வி ஆசிரியருக்கு ரொம்ப நாளாக ஒரு கண். அங்கே ஜிம் வைத்தால் நானூறு பேர் வருவார்கள் என்று முதல்வர் காதில் ஓதிக்கொண்டே இருந்தார்.

முதல்வர் இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்துத் தீர்ப்புச் சொன்னார். "மண்டலத்துல இருக்கிற கல்லூரி நூலகர்களையெல்லாம் கூட்டி இங்க ஒரு மாநாடு போடுங்க உஷ் சார். நூறு பேர் வந்தா உங்க துறைக்கு மதிப்பு இருக்குன்னு ஒத்துக்கறேன். மாடி உங்களுக்கேன்னு அன்னிக்கே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன். தொண்ணூத்தொன்பது பேர் வந்தா ஜிம். சரிதானே?"

உடற்கல்வி ஆசிரியர் அன்று சாயங்காலமே அளவெடுக்கும் டேப்போடு மாடி ஏறிவிட்டார்.

உஷ் சார் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தார். மண்டலத்தில் இருந்தவர்கள் நூற்றைம்பது கல்லூரி நூலகர்கள். அவர்களில் இவரைப் பிடித்தவர் என்று ஒருவரைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். எல்லாம் ஒரு விதியால் வந்த வினை. பதினொரு வருஷத்துக்கு முன்னால் இவர் வேறொரு கல்லூரிக்கு இரவல் கொடுத்த அருமையான அகராதி ஒன்று தபாலில் திரும்பி வரும் வழியில் காணாமல் போயிற்று. அடுத்த சங்கக் கூட்டத்தில் மனிதர் எழுந்து நின்றார். வாழ்க்கையில் அந்த ஒரே தடவைதான் சத்தமாகப் பேசினார். ஒரு நூலகத்திடம் இன்னொரு நூலகம் இரவல் வாங்கினால், நூலகரே அதை நேரில் கொண்டுவந்து கொடுத்துக் கையெழுத்து வாங்கிப் போக வேண்டும் என்று விதி போட வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். அன்றிலிருந்து மண்டலம் முழுக்க நூலகர்கள் பஸ் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஏறும்போது ஒரு தடவையும் இறங்கும்போது ஒரு தடவையும் இவரைத் திட்டினார்கள்.

"உங்க முகத்துக்காக நூறு பேரா?" என்றாள் மனைவி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அச்சகத்துக்குப் போய் வந்த மறுநாள் காலையில் இரண்டு பேருக்கும் டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டே பேசினாள். "ஒத்த இலக்கத்துல சொல்லுங்க, யோசிக்கிறேன்."

"மாடி போயிடும்மா" என்றார் உஷ் சார். "அந்த மேசையெல்லாம் நான் ஒவ்வொண்ணா பாத்துப் பாத்து வாங்கிப் போட்டது. அங்க ஒருத்தன் வெயிட்டைத் தூக்கித் தொப்புனு போடுவான். கீழ உக்காந்து நான் அதைக் கேக்கணும்."

கண் கலங்கிவிட்டது. மனைவிக்கு அதைப் பார்த்ததும் கிண்டல் போய்விட்டது.

"சரி சரி, வருவாங்க. வரணும்னா முதல்ல என்னிக்குன்னு தெரியணும். உங்க லைப்ரரியில தேதி குத்துற ஸ்டாம்ப் இருக்குல்ல? நூத்தி எழுபது தடவை குத்த எவ்வளவு நேரம் ஆகும்? இதுக்குப் போய் உலகமே முழுகிட்ட மாதிரி!"

உஷ் சாருக்கு உயிர் வந்தது. அன்றைக்கு வழக்கத்தைவிட அரை மணி முன்னதாகவே கிளம்பிவிட்டார்.

அழைப்பிதழ் இவ்வளவு தடிமனானதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது. முதலில் ஒரு கார்டுதான் திட்டம். முதல்வர் தன் வாழ்த்துரை ஒன்று இருந்தால் நல்லது என்றார். அவருடையது இருந்தால் நிர்வாகக் குழுத் தலைவருடையது இல்லாமல் எப்படி? தலைவர் இருந்தால் செயலாளர், செயலாளர் இருந்தால் அவருடைய மைத்துனர். ஒருத்தரைப் போட்டு ஒருத்தரை விட்டால் மனஸ்தாபம் வரும். கார்டு புத்தகமாகி அறுபத்துநாலு பக்கத்தில் வந்து நின்றது. மாநாடு பற்றிய விவரம் அறுபத்தோராம் பக்கத்துக்குத் தள்ளப்பட்டது. அட்டையில் 'அழைப்பிதழ்' என்று போடுவதும் முதல்வருக்குப் பிடிக்கவில்லை. "கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கு. என் படத்தைப் போட்டு, கீழ மாநாட்டுத் தலைப்பை மட்டும் பெரிசா போடுங்க" என்றார். அப்படியே போட்டார்கள்: 'நூலகத்துக்கு ஆளை வரவழைப்பது எப்படி?'

நூலகத்து அட்டெண்டர் அம்மாள் தேதி முத்திரையின் சக்கரத்தைத் திருப்பி, மையில் ஒற்றி, முதல் பிரதியின் அட்டையிலேயே ஓங்கி ஒரு குத்து குத்தினாள். வழவழத் தாளில் மை நிற்கவில்லை. வழிந்து போய் முதல்வரின் மேலுதட்டில் மீசையாக நின்றது.

"ஐயையோ, வேற எங்கயாவது குத்துங்க" என்றார் உஷ் சார்.

"உள்ள எல்லாமே இந்த வழுக்குத் தாளுதான் சார். கடைசிப் பக்கத்துல வெள்ளைச் சீட்டு ஒண்ணு ஒட்டிட்டுக் குத்திடவா? மை பச்சக்குனு பிடிக்கும்."

பிடித்தது. 14 என்று பளிச்சென்று தெரிந்தது. நூற்று எழுபதையும் மத்தியானத்துக்குள் முடித்துவிட்டாள். அடுத்த நாள் எண்ணிப் பார்த்தால் நூற்று ஐம்பத்தாறுதான் இருந்தது.

பன்னிரண்டை முதல்வர் தன் மாமனார் வீட்டுக்கு அனுப்பியிருந்தார். இரண்டை உடற்கல்வி ஆசிரியர் எடுத்துக்கொண்டுபோய் ஆடுகிற சைக்கிள் மெஷினின் காலுக்கு அடியில் கொடுத்திருந்தார்.

"நல்ல கனம் சார், மெஷின் அசையவே இல்ல" என்று பாராட்டும் சொன்னார்.

இன்னும் ஏழு போனால் நூலகர்களுக்கே பற்றாது. உஷ் சார் உடனே முடிவெடுத்தார். ஒவ்வொரு பிரதியின் முதுகிலும் ஒரு எண் ஒட்ட வேண்டும், எந்த எண் எந்தக் கல்லூரிக்குப் போகிறது என்று நோட்டில் குறிக்க வேண்டும். அட்டெண்டர் அம்மாள் முதுகில் எண் ஒட்டுவதில் கெட்டிக்காரி. ஒன்றுகூடக் கோணலாகப் போகவில்லை.

தபாலில் சேர்க்கும் முன் முதல்வர் ஒரு பிரதியைக் கையில் எடுத்துத் தன் படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு முகத்தைச் சுளித்தார்.

"எல்லாம் சரி, யார் அனுப்பினதுன்னு தெரிய வேண்டாமா? ஒரு சீல் இல்ல, ஒண்ணுமில்ல. ஏதோ மொட்டைக் கடுதாசி மாதிரி இருக்கு."

கல்லூரி முத்திரை அலுவலகக் கண்காணிப்பாளரின் பூட்டிய மேஜைக்குள் இருந்தது. சாவி அவரிடம் இருந்தது. அவர் தன் மகளின் பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருந்தார்.

"நம்ம சீல் எதுக்கு இருக்கு சார்?" என்றாள் அட்டெண்டர் அம்மாள்.

கல்லூரி நூலகத்தின் நீள்வட்ட முத்திரை. வெள்ளைச் சீட்டு ஒட்டி முதல் பக்கத்தில் ஒன்று, இருபத்தேழாம் பக்கத்தில் ஒன்று என்று குத்தித் தள்ளினாள்.

"இருபத்தேழுல எதுக்கும்மா?"

"என்ன சார் இப்படிக் கேக்குறீங்க? முதல் பக்கத்தைக் கிழிச்சுட்டாலும் நம்மதுன்னு தெரிய வேண்டாமா?"

அதுவும் சரிதான் என்று அவருக்குப் பட்டது. நூற்றைம்பது பார்சல்கள் போயின.

ஒரு வாரம் ஒரு பதிலும் இல்லை. பத்து நாள் ஆயிற்று. வருகிறேன் என்று ஒருவரும் எழுதவில்லை, வர முடியாது என்றும் எழுதவில்லை. உடற்கல்வி ஆசிரியர் மட்டும் தினமும் வந்தார். "இங்க டிரெட்மில். இந்தச் சுவர் பூரா கண்ணாடி" என்று வாசகர்களிடமே விளக்கிக்கொண்டிருந்தார். உஷ் சார் உஷ் என்றார். அவர் பதிலுக்கு விசில் ஊதினார்.

"போன் பண்ணிக் கேளுங்களேன்" என்றாள் மனைவி. "வாயில என்ன கொழுக்கட்டையா?"

நூலகத்தின் தொலைபேசி இரவல் மேசைமேல் இருந்தது. அங்கே உஷ் சாருக்குக் குரல் எழும்பாது. மற்ற கல்லூரிகளிலும் தொலைபேசி இரவல் மேசைமேல்தான் இருந்தது. அங்கிருந்தவர்களும் நூலகர்கள். இரண்டு பக்கமும் கிசுகிசுத்தன.

"அனுப்பினது கிடைச்சுதா?" என்றார் உஷ் சார்.

"கிடைச்சுது, கிடைச்சுது. தேதியும் பாத்துட்டேன். பதினாலு."

"வந்துடுவீங்கல்ல?"

"நானேதான் வரேன். உங்க விஷயத்துல வேற ஆளை அனுப்ப முடியுமா?"

உஷ் சாருக்கு நெஞ்சு நிறைந்தது. இவ்வளவு மரியாதையா நம்மேல் என்று நினைத்துக்கொண்டார். அடுத்த எண்ணைச் சுழற்றினார்.

"தேதியைக் கொஞ்சம் தள்ளிப் போடக் கூடாதா சார்?" என்றார் இரண்டாவது நூலகர். "நான் இன்னும் முழுசா படிக்கல."

மாநாட்டில் வாசிக்கப் போகிற கட்டுரைக்காக இன்னும் படித்து முடிக்கவில்லை போலிருக்கிறது என்று உஷ் சார் புரிந்துகொண்டார். "மன்னிக்கணும், ஒரு நாள்கூடத் தள்ள முடியாது. நூத்தம்பது பேர் இருக்காங்க."

"நூத்தம்பது பேரா! அதுல அப்படி என்னதான் இருக்கு?"

"வந்து பாருங்க" என்றார் உஷ் சார், கொஞ்சம் கர்வமாகவே.

மூன்றாவது ஒரு அம்மையார். எடுத்த எடுப்பிலேயே சிடுசிடுத்தார். "நாங்க கேக்கவே இல்லையே சார், எங்களுக்கு ஏன் அனுப்பினீங்க?"

"கேக்காமலே அனுப்புறதுதானேம்மா மரியாதை?"

"நல்ல மரியாதை! இந்த வெயில்ல பஸ் பிடிச்சு வரணும். வந்து தொலைக்கிறேன், வேற வழி?"

திட்டிக்கொண்டாவது வருகிறார்களே என்று உஷ் சார் நோட்டில் ஒரு டிக் போட்டார். இருபது பேரிடம் பேசுவதற்குள் தொண்டை கட்டிவிட்டது. மிச்சம் நூற்று முப்பது பேர் எப்படியோ என்று விட்டுவிட்டார்.

பன்னிரண்டாம் தேதி வாட்ச்மேன் வந்து சொன்னார். "சார், வெளியூர் லைப்ரரிக்காரர் ஒருத்தர் உங்க புக்கோட கேட்டுல வந்து நின்னாரு. பதினாலாம் தேதின்னு போட்டிருக்கே, இன்னிக்கு வந்து நின்னா எப்படின்னு திருப்பி அனுப்பிட்டேன்."

"அவர் என்ன சொன்னாரு?"

"முன்னாடியே வந்தாலும் தப்பான்னு கேட்டாரு. கோவமாத்தான் போனாரு."

அவ்வளவு ஆர்வமா என்று உஷ் சாருக்கு ஒரே ஆச்சரியம். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினார்.

பதினாலாம் தேதி காலை பத்து மணி. கலையரங்கத்தில் நூற்றைம்பது நாற்காலிகள், நூற்றைம்பது தண்ணீர் பாட்டில்கள், மேடையில் ஒரு பேனர். முன்வரிசையில் முதல்வரும் உடற்கல்வி ஆசிரியரும் உட்கார்ந்திருந்தார்கள். கடைசி வரிசையில் அட்டெண்டர் அம்மாள். நூலகத்தைப் பூட்டிவிட்டு வந்திருந்தாள். வேறு யாரும் இல்லை.

பத்தே கால். உஷ் சார் மைக்கைத் தட்டிப் பார்த்தார். அது வேலை செய்தது.

பத்தரை. முதல்வர் கடிகாரத்தைப் பார்த்தார். உடற்கல்வி ஆசிரியர் பையிலிருந்து டேப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"பஸ் லேட்டா இருக்கும் சார்" என்றார் உஷ் சார்.

"நூத்தம்பது பஸ்ஸுமா?" என்றார் முதல்வர்.

பத்தே முக்கால். உஷ் சார் காலி நாற்காலிகளைப் பார்த்தார். மாடியின் நீள மேசைகள் ஒவ்வொன்றாகக் கண் முன்னால் வந்தன. பதினொரு வருஷமாகத் தன்னைத் திட்டியவர்கள் எல்லாரும் சேர்ந்து இன்றைக்குப் பழி வாங்கிவிட்டார்கள். போனில் அவ்வளவு இதமாகப் பேசினார்களே, பாவிகள்! முதல்வர் எழுந்தார். உடற்கல்வி ஆசிரியர் அவருக்கு முன்னால் எழுந்து, காற்று வாங்குகிறவர் மாதிரி வராந்தாப் பக்கம் போனார். போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

"சார்" என்றார். குரல் சுரத்தில்லாமல் இருந்தது. "இங்க கொஞ்சம் வந்து பாருங்க."

நூலகத்தின் பூட்டிய கதவிலிருந்து ஒரு வரிசை கிளம்பி, சைக்கிள் நிறுத்தத்தைச் சுற்றி, கேட்டைத் தாண்டித் தெருவரைக்கும் போயிருந்தது. ஆணும் பெண்ணுமாக, மூக்குக் கண்ணாடியும் தோள்பையுமாக, ஒவ்வொருவர் கையிலும் முதல்வரின் படம். அத்தனை பேர் நின்றும் ஒரு சத்தமில்லை. நூலகர்கள் இல்லையா? அதனால்தான் கலையரங்கத்தில் யார் காதிலும் எதுவும் விழவில்லை.

முதல்வர் விரல் நீட்டி எண்ணினார். வெளியே தெருவில் நின்றவர்களைக் கேட்டின் கம்பி வழியாக எண்ணினார். "நூத்திப் பதினெட்டு!" என்றார். "அதெல்லாம் சரி, அங்க ஏன் நிக்கிறாங்க?"

"நூலகர்கள் சார்" என்றார் உஷ் சார். "எங்க போனாலும் முதல்ல நூலகத்தைத்தான் பாக்கணும்னு தோணும்."

முதல்வருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "'நூலகத்துக்கு ஆளை வரவழைப்பது எப்படி'ன்னு தலைப்பு வச்சீங்க. வரவழைச்சே காட்டிட்டீங்களேய்யா!" சொன்ன சொல் மாறாதவர். அங்கேயே வராந்தாச் சுவர்மேல் காகிதத்தை வைத்து, மேல்மாடி என்றென்றும் நூலகத்துக்கே என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டார். உடற்கல்வி ஆசிரியர் டேப்பைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார்.

உஷ் சார் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. நூற்றுப் பதினெட்டு பேர். இந்த முகத்துக்காக. வீட்டுக்குப் போனதும் கணக்கு டீச்சரிடம் முதல் வேலையாக இந்த எண்ணைச் சொல்ல வேண்டும்.

வாட்ச்மேன் வரிசையைத் தாண்டி மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"என்னய்யா, எல்லாரையும் வெயில்ல நிக்க வச்சிருக்கே?" என்றார் உஷ் சார், இருபத்திரண்டு வருஷத்தில் இரண்டாவது தடவையாகச் சத்தமாக. "உள்ள கூட்டிட்டு வா!"

"கூப்பிட்டேன் சார், வர மாட்டேங்கிறாங்க. நீங்க இரவல் அனுப்பின புத்தகத்தை நேர்ல குடுத்துக் கையெழுத்து வாங்கிட்டுப் போகத்தான் வந்தாங்களாம், இன்னிக்குத்தான் கடைசித் தேதியாம். மாநாட்டுக்கு வாங்கன்னேன், எந்த மாநாடுன்னு கேக்குறாங்க."